சேலையூர் மச்சானுக்கு, வைஃபை விஷயமாக

அனகாபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான் ராஜகோபாலன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை லோகநாயகியின் கணவன் அச்சுதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டியது முறை. யாவரும் என்று சொல்லும்படி இங்கே ஆள் இல்லை. என் பெண்டாட்டி உங்கள் வீட்டில், என் பெண் மாளவிகா உங்கள் வீட்டில், இட்லிக் குண்டான்கூட உங்கள் வீட்டில். ஆகையால் நலமெல்லாம் அங்கேதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "லோகுவை எப்போ அனுப்பறீங்க மச்சான்" என்று ஆரம்பித்ததும் நீங்கள் "சிக்னல் சரியில்ல மாப்ள, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். சிக்னல் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் என் குடும்பம் உங்கள் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் சிக்னல் இல்லை என்று என்னிடமே சொன்னால் எப்படி? கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் லோகு சொன்ன பக்கம்தான் தெரியும். என் பக்கமும் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தை மூடி, இனிமேல் பாடமெல்லாம் போனில்தான் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் இருந்தது ஒரே போன், அது என் பிளாஸ்டிக் கடை போன். அந்த நம்பரைத்தான் பை மேலெல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறேன். கணக்குப் பாடம் நடக்கும்போது பம்மல் ஹோட்டல்காரர் குப்பைக் கூடைக்குக் கூப்பிடுவார், பாடம் அறுந்துவிடும். வீட்டுக்குள் சிக்னல் வராது, கடை ஷட்டருக்கும் டிரம் அடுக்குக்கும் நடுவே உள்ள ஓரடி இடத்தில்தான் வரும் என்பதால் மாளவிகா அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படிப்பாள். கடையில் வாளிகள் மலையாகக் குவிந்திருக்க, வருகிற அம்மாவுக்கு அவள் உட்கார்ந்திருக்கும் வாளிதான் வேண்டும். "கொஞ்சம் எழுந்திரு கண்ணு, அடி ஓட்டையா பார்க்கணும்" என்பார்கள். இவள் பின்னக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். அந்தப் பக்கத்தில் வேதா மிஸ், "மாளவிகா, ஏன்மா நிக்கறே? நான் உன்னை நிக்கச் சொல்லலையே" என்பார்.

சரி என்று இன்னொரு போன் வாங்கினேன். போன் வந்தது, சிக்னல் வரவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் ஓரமாக வந்தது. குடை பிடித்து உட்கார வைத்தோம். வெயிலில் போன் சூடாகி அதுவே அணைந்துபோனது. அன்றைக்கு லோகு டாங்க் நிழலில் நின்றுகொண்டு, "எங்க அண்ணன் வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு, வைஃபை இருக்கு, தலைக்கு மேல ஃபேன் இருக்கு. பரீட்சை முடியற வரைக்கும் போயிட்டு வரோம்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்த பரீட்சை வரும் என்பது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்து மக் விற்று மேலே வந்தவனுக்கு எப்படித் தெரியும்? நான் படித்ததே கொஞ்சம்.

அவர்கள் போன பிறகு என் பாடு எப்படி என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா மச்சான்? ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கடையைச் சீக்கிரம் மூடச் சொல்லிவிட்டார்கள். மூடிவிட்டு என்ன செய்வது? வாளிகளை அளவுவாரியாக அடுக்குகிறேன். அடுக்கி முடிந்ததும் கலைத்து, நிறவாரியாக அடுக்குகிறேன். சாயங்காலம் போன் போட்டால் மாளவிகா "சாப்டியாப்பா" என்பாள். "சாப்டேன்." "ஹோம்வொர்க் இருக்குப்பா, வெச்சிடட்டா?" அவ்வளவுதான். அதற்கு மேல் பேச அவளிடம் எதுவும் இல்லை, என்னிடமும் இல்லை. வாளியை எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைத்தேன் என்றா சொல்ல முடியும்?

பள்ளிக்கூடத்தில் கொடுத்திருப்பது என் நம்பர் என்பதால் வகுப்பு லிங்க் தினமும் எனக்குத்தான் வரும், அங்கே வந்ததும் நீங்கள் லோகுவுக்கு வாங்கிக்கொடுத்த போனுக்கு நான் தள்ளிவிடுவேன். ஒருநாள் தள்ளுவதற்குப் பதில் அதை அழுத்திவிட்டேன். அழுத்தினால் மச்சான், என் பெண் உட்கார்ந்திருக்கிறாள். ரெட்டைப் பின்னல், பின்னால் உங்கள் வீட்டு மஞ்சள் திரை (அந்த நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை), பென்சிலால் மூக்கைச் சொறிந்துகொண்டு தாவரங்கள் எப்படிச் சுவாசிக்கின்றன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அறிவியல் முடியும் வரைக்கும் பார்த்தேன். மறுநாள் வரலாறும் சேர்த்துப் பார்த்தேன். கடையை வகுப்பு முடிந்த பிறகுதான் திறப்பது என்று ஆகிவிட்டது.

எனக்குத் தெரியாதது ஒன்று. நான் அவர்களைப் பார்ப்பது மாதிரியே அவர்களும் என்னைப் பார்க்கலாமாம். பனியனோடு பல் தேய்த்ததிலிருந்து எல்லாவற்றையும் வகுப்பே பார்த்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் திருக்குறள் நடக்கும்போது மொத்த வியாபாரி நேரில் வந்துவிட்டார். வாளிக்குக் கொள்முதல் விலையை நான் அடித்துப் பேசி முடித்ததை அத்தனை வீடும் கேட்டிருக்கிறது. அன்று சாயங்காலமே பொழிச்சலூரிலிருந்து ஒரு அம்மா வந்து, "சார், உங்களுக்கு வர்ற விலைதான் எங்க பையன் சொல்லிட்டானே, அப்புறம் என்ன எங்ககிட்ட ஒரு விலை" என்கிறார். வகுப்பில் ஒரு பயல், "மிஸ், அச்சுதன் பிளாஸ்டிக்ஸ்னு யாரோ உள்ள வந்திருக்காங்க" என்று கேட்க, இன்னொரு பயல், "அது மாளவிகாவோட அப்பாடா" என்று சொல்ல, எல்லாக் கட்டத்திலும் சிரிப்பு. என் பெண் மட்டும் சிரிக்கவில்லை. கேமராவை அணைத்துவிட்டாள்.

அதிலிருந்து அவள் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் ஒரே ஒரு எழுத்து. வேதா மிஸ் நல்லவர். போன் போட்டு, "சார், மைக், வீடியோ ரெண்டும் ஆஃப்ல இருந்தா நான் உங்களைப் பார்க்காத மாதிரி இருந்துடறேன்" என்றார். நானும் சத்தமில்லாமல் உட்கார்ந்து அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேர் கூப்பிடும்போது "எஸ் மிஸ்" என்று ஒரு குரல் வரும். அதற்காகத்தான் காலையில் பல் தேய்ப்பது.

அப்படிப் பேர் கூப்பிடுவதைக் கேட்டதில்தான் இன்னொன்று தெரிந்தது. மாளவிகாவுக்கு அடுத்து வரும் பேர் ரோஹிணி. மிஸ் கூப்பிடுவார், பதில் வராது. ஒரு தரம் நிறுத்தி, மறுபடி கூப்பிட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போவார். அந்த ரோஹிணி யாரென்றால் எங்கள் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோ மாரியின் பெண். மிஸ் அவள் பேரைக் கூப்பிடுகிற நேரத்தில் அவள் எனக்கு நேர் கீழே குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள், நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் தாங்க முடியாமல் மைக்கைத் திறந்து, "மிஸ், ரோஹிணி இங்கதான் தண்ணி புடிக்கறா, கூப்பிடட்டுங்களா" என்றேன். மிஸ் "சார், ப்ளீஸ்" என்றார். கொஞ்ச நாளில் அந்தப் பேரைக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

அப்புறம் வியாபாரிக்கு உரிய வழியில் இறங்கினேன். வீட்டுக்கு வயர் இழுத்து வைஃபை வைப்பது, குடும்பத்தைத் திருப்பிக் கேட்பது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, சந்து குறுகல், கம்பம் அந்தப் பக்கம், வயர் மாரி வீட்டு மொட்டை மாடி மேலேதான் வர முடியும் என்றார்கள். கடை வாசலில் வண்டி நிறுத்தாதே என்று போன வருஷம் நான் சத்தம் போட்டதிலிருந்து மாரிக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. இருந்தாலும் போனேன்.

"இன்னா அண்ணாத்தே, வயி தெரியாம வந்துட்டியா?"

"வயர் ஒண்ணு உன் மாடி மேல போகணும் மாரி."

"வண்டிய எட்றான்னு சொன்ன வாய்தானே இது?"

"அதே வாய்தான். வேற வாங்க நேரமில்ல."

மாரி சிரித்துவிட்டான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வயர் போவட்டும். ஆனா என் பொண்ணு உன் வூட்டாண்ட வந்து குந்திக்கும். வூட்ல கீறது ஒரு போனு, அதுவும் காலங்காத்தால என்கூட லோடுல பூடுது. கிளாஸ்ல பேர எட்த்துட்டாங்கன்னு அது அயுதுகினு கீது. எனுக்கு இன்னா சொல்றதுன்னே தெர்ல" என்றான். மாளவிகாவுக்கு வாங்கி, பெட்டிக்குள் திரும்பப் போட்டு வைத்திருந்த போனை ரோஹிணியிடம் கொடுத்தேன்.

ரோஹிணி மட்டும் வருவாள் என்றுதான் கணக்குப் போட்டேன். வைஃபை வந்த மறுநாள் சந்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம் அப்பா போன், சித்தப்பா போன், கீறல் விழுந்த போன் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கடை ஸ்டூல்களை எல்லாம் கொடுத்தாயிற்று. படிக்கு ஒரு பிள்ளை. கீழ்ப்படியில் ஆத்திசூடி, நடுப்படியில் வாய்ப்பாடு, மேல்படியில் இங்கிலீஷ். என் வீட்டில் நான் மாடிக்குப் போக வேண்டுமென்றால் மூன்று வகுப்பைத் தாண்ட வேண்டும். கடையில் பேச்சு கொஞ்சம் உயர்ந்தால் "அங்கிள், டெஸ்ட் நடக்குது, மெதுவா" என்கிறார்கள். மெதுவான குரலில் பேரம் பேச எந்த வாடிக்கையாளருக்கும் வரவில்லை, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதை நீங்கள் வெளியே சொல்லக் கூடாது.

நேற்றுத்தான் ரோஹிணி பேர் மறுபடி வந்தது. "எஸ் மிஸ்" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல், கையில் இருந்த போனிலிருந்து அதே குரல். வேதா மிஸ், "எங்கே, முகத்தைக் காட்டு" என்றார். ரோஹிணி கேமராவைத் திறந்ததும் எல்லாக் கட்டத்திலும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மைக்கை அணைத்துவிட்டுத்தான். மாளவிகாவின் கட்டம் அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. மத்தியானம் ஆனதும் பிள்ளைகள் சாப்பிடப் போய்விடுவார்கள். படியில் ஸ்டூல்கள் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்குள் வருவதற்கு எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகையால் மச்சான், முடிவாகச் சொல்கிறேன். வைஃபை இப்போது இங்கேயும் இருக்கிறது. லோகுவின் அண்ணி காலமாகி, உங்கள் மகன் பத்ரி கனடாவில் செட்டிலாகி, அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்பது வாஸ்தவம். அது உங்கள் கஷ்டம். அதற்கு என் குடும்பத்தைக் கொடுக்க முடியாது. நான் பச்சையாகப் பேசுகிறவன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே அனுப்பி வைக்கவும். இன்று கீழேயிருந்து கஸ்டமர் என்று யாரும் கூப்பிடவில்லை, வியாபாரம் மந்தம் போலிருக்கிறது. அதனால்தான் மாடியில் டாங்க் நிழலில் உட்கார்ந்து இவ்வளவு எழுத முடிந்தது.

பிரஷர் மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடவும். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், என் குடும்பத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோவையும் அருளட்டும்.

இப்படிக்கு,
இட்லிக் குண்டான் இல்லாத
அச்சுதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் முன் வழக்கம் போல வகுப்பைத் திறந்து பார்த்தேன். மாளவிகாவின் கேமரா திறந்திருந்தது. பின்னால் மஞ்சள் திரை இல்லை. சுண்ணாம்பு உரிந்த சுவர், பக்கத்தில் நீல டிரம், டிரம்மில் நான் ஒட்டிய விலைச் சீட்டு. ஸ்டூல் எல்லாம் போய்விட்டதால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு லோகுவின் போனோடு உட்கார்ந்திருக்கிறாள், ரோஹிணிக்குப் பக்கத்தில், என் படிக்கட்டுக்குக் கீழே. நான் இறங்கி ஓடினால் உதட்டில் விரலை வைத்து "டெஸ்ட்டுப்பா" என்கிறாள். கல்லாவில் லோகு உட்கார்ந்து ஒரு அம்மாவுக்கு முறம் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். "எழுதி முடிச்சாச்சா? நாங்க வந்து எவ்ளோ நேரமாச்சு. மாரி பொண்ணு நம்ம படிக்கட்டுல உட்காந்திருக்கறத இவ நேத்து கிளாஸ்ல பார்த்துட்டா. அது என் படின்னு ராத்திரி பூரா அழுகை. விடிஞ்சதும் கிளம்பிட்டோம்" என்றாள். குண்டான் எங்கே என்றேன். "அண்ணனுக்கு மாவு அரைச்சு வெச்சிட்டு வந்தேன், குண்டான் இல்லாம அவர் என்ன பண்ணுவாரு? கேட் வரைக்கும்கூட வரல. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு அது முன்னாடியே உட்காந்திருந்தாரு" என்றாள்.

மச்சான், கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உடனே உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்தீர்கள். "சிக்னல் சரியில்ல மாப்ள" என்றீர்கள். குரல் உடைந்துதான் வந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

அதனால்தான் இதைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு இந்தப் பகுதியை மட்டும் படிக்கவும். குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மேல்படிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, எனக்கு வராது. ஸ்டூல் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. உங்களுக்கு ஒரு வாளி கவிழ்த்துப் போட்டு வைக்கிறேன். கனமான வாளி, தாங்கும்.