கரையில் நின்றே ஏரியை அளப்பவர்

உலகத்தில் ஏரி என்று ஒன்று இருந்தால் அதற்குக் கரை என்று ஒன்று இருக்கும். கரை இருந்தால் அதில் கால் நனையாமல் நின்று ஏரியைப் பற்றி எல்லாம் சொல்லிவிடும் ஒருவரும் இருப்பார். காட்டையும் ஏரியையும் படிக்கப் போகும் எந்தப் பள்ளிக்கூடப் பேருந்திலும் இந்த இனத்துக்கு முன் இருக்கைதான். எங்கள் வகுப்புக்கு வாய்த்தவன் எலியாசர்.

வயது பதினாறு. பதினொரு பை வைத்த மேல்சட்டை, கழுத்தில் விசில், கையில் பேனா. பென்சில் அல்ல, கவனியுங்கள். பென்சில் சந்தேகப்படுகிறவர்களுக்கு.

காட்டுக்குள் கயிறு கட்டிய ஒரு சதுரம் இருக்கும். அதற்குள் முளைத்திருக்கும் கொய்கே மரக் கன்றுகளை நாங்கள் மூங்கில் கீறலோடும் ஈரக் கால்சட்டையோடும் முட்டி போட்டு எண்ணிக்கொண்டிருப்போம். எலியாசர் ஒரு மூலையை மட்டும் எண்ணி நாலால் பெருக்குவான். "இயற்கை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான்டா" என்பான். பெருக்கத் தெரிந்தவனுக்கு முட்டி எதற்கு?

எங்கள் காட்டில் சுக்காவ் குருவி வலப்பக்கம் கூவினால் நல்ல சகுனம், இடப்பக்கம் கூவினால் பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அன்று அது சந்தேகமே இல்லாமல் இடப்பக்கம்தான் கூவியது. எலியாசர் விசிலடித்து முழுக் குழுவையும் பின்பக்கமாகத் திரும்பி நிற்கவைத்தான். குருவி வலப்பக்கம் வந்துவிட்டது. 'வலம்' என்று நோட்டில் ஏறியது. பிறகு சகுனம் கெடாமல் இருபது அடி பின்னோக்கியே நடந்தோம். நான் வேண்டுமென்றே மூன்று பேர் மேல் விழுந்தேன்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. ஏரிக்கு வருவோம்.

கறுப்பும் வெள்ளையும் பூசிய தட்டு ஒன்று உண்டு. கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்கினால், அது கண்ணுக்கு மறைகிற ஆழம்தான் தண்ணீரின் தெளிவு. கிரிசெல்தா மிஸ் ஒன்பது வருடமாக இந்தக் கணக்கை ஒரே நோட்டில் எழுதி வருகிறார். மறுநாள் அந்த நோட்டு நகராட்சிக் கூட்டத்துக்குப் போகவேண்டும். புதிதாக வரும் விடுதிகளின் கழிவுக் குழாயை ஏரியில் விடலாமா என்று அங்கே முடிவு செய்யப்போகிறார்கள். எங்கள் வகுப்பு ரயெனின் வீடு ஏரிக்கரையில். அவர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

நான் என்ன செய்திருந்தேன் என்றால், அந்தத் தட்டைப் பேருந்திலேயே திருடி என் பைக்குள் போட்டிருந்தேன். எலியாசர் தேடுவான், பதினொரு பையையும் கவிழ்ப்பான், சிரிக்கலாம் என்று ஆசை. அவன் தேடவேயில்லை.

"ஏழரை மீட்டர்," என்றான், மிஸ்ஸின் நோட்டில் எழுதிக்கொண்டே.

ரயென் அப்போதுதான் படகை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் படகே எறங்கலையே."

"போன வருஷம் ஏழரை. ஒரு வருஷத்துல ஏரி எந்திரிச்சு வேற ஊருக்கா போயிரும்?"

"எங்க வீட்டு வாளியில பச்சையா வருதுடா."

"அது உங்க வாளி."

மிஸ் அடுப்பில் சோபைபியா அப்பம் பொரித்துக்கொண்டிருந்தார். "அளந்தாச்சா?"

"ஆச்சு மிஸ்."

"பொய் மிஸ், அவன் அளக்கல," என்றாள் ரயென்.

"எறக்கினேன் மிஸ். இவ அந்தப் பக்கம் திரும்பியிருந்தா."

மிஸ் இருவரையும் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். மையில் எழுதிய எண்ணுக்கு ஒரு கம்பீரம் உண்டு. "சரி விடு ரயென், மத்தியானக் காத்து எழும்பப் போவுது. படகு வேணாம்."

ரயென் படகுக் கயிற்றில் முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். எனக்கு அந்த முடிச்சைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இன்னொரு குறும்பு செய்தால் அடுத்த வருடப் பயணம் கிடையாது என்று மிஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இருந்தாலும் வாய் திறந்துவிட்டது.

"மிஸ், எந்தத் தட்டை எறக்கினான்னு கொஞ்சம் கேளுங்க."

பையிலிருந்து எடுத்து வைத்தேன். அதன்மேல் என் ரொட்டியின் வெண்ணெய் ஒட்டியிருந்தது.

"எப்படா எடுத்தே?"

"பஸ்லயே, மிஸ்."

எலியாசர் விசிலை வாயில் வைத்தான். ஊதவில்லை.

தண்டனையாகத் துடுப்பு என் கையில். படகில் மிஸ், ரயென், நான். தட்டு இறங்கியது: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. காணோம்.

"இன்னொரு தடவ," என்றாள் ரயென். நாலு. "இன்னொரு தடவ." அதே நாலு.

அவள் சொன்னதுதான் சரியாகிவிட்டது. ஆனால் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. "இதத்தான் குடிக்கிறோம்," என்றாள், யாரிடமும் இல்லாமல். என்னிடம் ஒரு நல்ல கிண்டல் தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். அவள் எழுதும்போது படகு ஆடாமல் இருக்கத் துடுப்பை அழுத்திப் பிடித்தேன். கைதான் வலித்தது.

ஏழரையை மிஸ் அடித்தார். கீழே ரயென் கையெழுத்தில் நாலு. அதுதான் நகராட்சிக்குப் போனது. குழாயை இந்த வருடம் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அடுத்த வருடப் பயணத்தில் நான் இல்லை.

கரைக்கு வந்ததும் எலியாசர் எட்டிப் பார்த்தான். "நாலா? நானும் அதான் நெனச்சேன்." பேருந்தில் போகும்போது, நாலு மீட்டர் வரை தட்டை எப்படிப் பொறுமையாக இறக்கவேண்டும் என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். நன்றாகவே விளக்கினான், சும்மா சொல்லக்கூடாது.

நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததுமே, 'அட, இது நம்ம இன்னார்தான்' என்று ஒரு பெயர் மனதுக்குள் எழுதியிருப்பீர்கள். எழுதியாயிற்றா? மையிலா? நல்லது. அந்த ஆளைக் கடைசியாக நேரில் பார்த்து எத்தனை வருடம் இருக்கும்?