இழுத்துப் பிடித்த வயிற்றுக்கு எடுத்த அளவு

நடுவயதில் விலை உயர்ந்த சைக்கிள் வாங்கும் ஆண்களை நம்பாதீர்கள். நானும் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன். தெருமுனையில் தயிர் வாங்கக்கூட ஸ்கூட்டரில் போகிறவன், ஒரு நாள் காலையில் திடீரென்று ஹெல்மெட்டும் இறுக்கமான கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வெட்டுக்கிளி போல வாசலில் நிற்பான். கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படி ஒரு கூட்டமே இருந்தது. அதில் அதிகம் பேசியவனும் குறைவாக ஓட்டியவனும் நான்தான். சைக்கிள் பந்தய வரலாறு பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்திருந்தேன். எந்த மலையில் எந்த ஆண்டு யார் முந்தினார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அம்பத்தூர் ஏரியைத் தாண்டினால் மட்டும் முதுகு வலிக்கும், விரல் மரத்துப்போகும்.

என் முனகலைக் கேட்டு மனைவி கோமதிக்கு அலுத்துவிட்டது. பூந்தமல்லியில் பிறந்து வளர்ந்தவள். தீர்ப்பை நீட்டி முழக்கத் தெரியாது.

"வர்ற ஞாயித்திக்கெழம நசரத்பேட்டை வரைக்கும் போய்ட்டு மொனகாம ஊட்டுக்கு வந்தா சைக்கிள் உனுக்கு. இல்லாங்காட்டி டில்லி எட்த்துக்கினு போட்டும்."

டில்லி அவளுடைய தம்பி. ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. உயரத்தில் எனக்குச் சமம், சுற்றளவில் எனக்குப் பாதி. அந்தப் பாதிக்கு என் சைக்கிள் போவதா?

எங்கள் கூட்டத்தில் ஒருவர் வழி சொன்னார்: "பைக் ஃபிட்டிங் பண்ணிடுங்க சார். உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி சீட்டு, ஹேண்டில்பார் எல்லாம் அளந்து வெப்பாங்க." சனிக்கிழமையே போனேன். (தை மாதம், பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை. கோமதி மாசி என்கிறாள். தவறு.)

ஏசி போட்ட அறை. என் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் பூட்டி, என்னை அதன்மேல் ஏற்றி, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஃபிட்டர் ஸ்டிக்கர் பொட்டு வைத்தார். அம்மனுக்குக்கூட இத்தனை இடத்தில் வைப்பதில்லை.

"வாரத்துக்கு எவ்ளோ ஓட்டுவீங்க சார்?"

"நூறு கிலோமீட்டர்." (ஓட்டியது அல்ல, படித்தது.)

"நிமிர்ந்து நிதானமா போற பொசிஷனா, குனிஞ்சு வேகமா போறதா?"

"குனிஞ்சு. ரேஸுக்குப் போறவங்க மாதிரி."

"சரி, எப்பவும் உக்கார்ற மாதிரியே உக்காருங்க. கேமரா ஆன் பண்றேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். கல்யாணப் பந்தியில் வீடியோக்காரர் விளக்கோடு நம் வரிசைக்கு வரும்போது இலைமுன் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் என்ன செய்வார்களோ, அதை என் உடம்பு தானாகச் செய்தது. வயிறு உள்ளே போனது. நெஞ்சு வெளியே வந்தது.

"வயிறு தொடையில இடிக்குதா சார்?"

"எங்க இருக்கு இடிக்க?" என்றேன், மூச்சு விடாமல்.

மகாநுபாவர் அதையும் நம்பினார். திரையில் என் முழங்கால் கோணத்தை வெகு நேரம் ஆராய்ந்தவர், என் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனதைக் கவனிக்கவில்லை. சீட்டை ஏற்றினார், ஹேண்டில்பாரை இறக்கினார். காலைப் பெடலோடு பூட்டும் ஷூவையும் மாட்டிவிட்டார். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடுமாம்.

ஞாயிறு காலை கிளம்பினேன். கோமதியின் சாட்சியாக டில்லி என் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். தெருவைத் தாண்டியதும் வயிற்றைத் தளர்த்தினேன். உடனே முழங்கால் வந்து அதில் குத்தியது. இழுத்துப் பிடித்தால் மூச்சு இல்லை, மூச்சு விட்டால் இடம் இல்லை. இப்படியே கரையான்சாவடி வரை போய்ச் சேர்ந்தேன். சிக்னலில் சிவப்பு. காலை ஊன்றப் பார்த்தேன். வரவில்லை. குதிகாலை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னார் என்று யோசித்தபடியே, பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோமீது மெல்லச் சாய்ந்தேன்.

உள்ளே இருந்த அம்மாள் முகத்துக்கு நேரே என் முகம்.

"இன்னாப்பா, ஏறணுமா?"

"இல்லம்மா. கால் வரல."

"கால் வரலியாம்பா," என்று அவர் டிரைவரிடம் ஒப்பித்தார்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணாத்தே, ஷூ சைக்கிளோட ஒட்டிக்கினு கீது. பச்சை உய்ந்துச்சு, நான் போவணும். எங்கியாச்சும் வேற சாஞ்சிக்கோ."

டில்லி வந்து ஷூக்களைப் பெடலிலேயே விட்டுவிட்டு என் கால்களை மட்டும் உருவினான். பிறகு, "இர் மாமா, எப்டி கீதுன்னு பாக்கறேன்" என்று அந்த ஷூவுக்குள்ளேயே காலை நுழைத்து ஏறினான். நசரத்பேட்டை வரை அவன் பறந்தான். நான் வெறுங்காலோடு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன்.

"சொகமா கீது மாமா," என்றான், துளி வியர்வை இல்லாமல். "ஒண்ணியும் மாத்தாத."

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. மறுநாளே சைக்கிளையும் டில்லியையும் இழுத்துக்கொண்டு ஃபிட்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் டில்லியை ஏற்றி உட்காரவைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கே. சனிக்கிழமை அளவெடுத்தது இவருக்குத்தானே சார்?"

நான் மூச்சுப் பிடித்த கதை வீடுவரை வந்தது, சைக்கிள் டில்லியோடு பூந்தமல்லிக்குப் போய்விட்டது. சென்ற ஆவணியில் டில்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சட்டைக்கு அளவு கொடுக்க அவன் கிளம்பியபோது, கூடம் நிறைய உறவினர்கள் இருக்க, கோமதி தடுத்தாள்.

"நீ எதுக்குடா அலையற? மாமாவ அனுப்பு. மூச்ச இஸ்து புட்ச்சிக்கினு உனுக்கும் சேத்து குட்த்துட்டு வந்துடும்."

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் புதுத்துணி எடுத்தாலும், தையல்காரரிடம் முதலில் என்னைத்தான் அனுப்பச் சொல்கிறார்கள்.