மீட்புப் பெட்டிப் பொறுப்பு உனக்கு வேண்டாம்

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 'அன்புள்ள' என்பதைத் தெரிந்தேதான் விட்டிருக்கிறேன், காகிதத்தைத் திருப்பித் திருப்பித் தேடாதே. இங்கு நான் நலம். உன் நலத்தைக் கேட்டால் நீ எனக்குப் பதில் போட்டுவிடுவாய் என்பதால் கேட்கவில்லை. ஒன்பது வருடம் இரண்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, மனசு இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. எங்கள் தெருச் சங்கம் எழுதச் சொன்னது, எழுதுகிறேன். எங்கள் தெருவுக்கென்று ஒரு மீட்புப் பெட்டி இருக்கிறது. இனிமேல் அதை நீ வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். முப்பத்திரண்டு வருடம் மீட்பு நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், ஒரு விசில்கூடக் குறைந்ததில்லை, அப்படிப்பட்டவர் பக்கத்து ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். உன்னைக் கூப்பிட்டு எழுதுவது என் வேலை. முடியாது என்று சங்கத்துக்குப் பதில் எழுதுவது உன் வேலை. முழங்கால் வலி என்று எழுது, அது பொய்யும் இல்லை.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் ஒரு சிலேட்டை ஒளித்து வைத்து எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் நீ ஐந்து வயதில் உடைத்துவிட்டு, பூனை தள்ளிவிட்டது என்று சொன்னாய். நம் வீட்டில் பூனையே கிடையாது. அறுபத்தொரு வருடமாகிறது, அந்தப் பூனையை நான் இன்னும் மறக்கவில்லை.

போன வருடம் நகராட்சியிலிருந்து இந்தப் பெட்டி வந்தது. ஆள் படுக்கலாம், அத்தனை பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே முப்பது மீட்டர் கயிறு, ஆறு டார்ச், எட்டு லைஃப் ஜாக்கெட், மடக்கு ஸ்ட்ரெச்சர், கடப்பாரை, போர்வைகள், மருந்துப் பை. மழை வெள்ளம் வந்தால் தெரு ஆட்களே முதலில் இறங்க வேண்டும், பெரிய வண்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று ஏற்பாடு. சங்கச் செயலாளர் ஒரு வேன் டிரைவர். அவர்தான், "பாட்டி வீடு மாடி, தண்ணி ஏறாது, ஆளும் எப்பவும் வீட்லயே இருப்பாங்க" என்று என் கூடத்தில் இறக்கி வைத்தார். கூடவே ஒரு பூட்டும் கொடுத்தார்கள். அவர்கள் கண்ணெதிரிலேயே அதை ஜன்னல் வழியாக வீசினேன். அது கீழே பின்தெருப் பக்கம் தையல்காரரின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில், அவர் ஒரு சட்டையை இரண்டு கழுத்தோடு தைத்துவிட்டார் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

ஏன் வீசினேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் சொல்கிறேன், நீ ஒரு தடவையும் முழுதாகக் கேட்டதில்லை. அந்த வெள்ளத்தன்று காலை பதினொன்றே கால். உன் நிலையத்திலேயே மீட்பு வேலை பார்த்த என் மகன், நீ தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட அதே பிள்ளை, உன் ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்று, "மாமா, பழைய ஜாக்கெட் தண்ணி குடிக்குது, புதுசு ஒண்ணு குடுங்க" என்றான். பன்னிரண்டு புது ஜாக்கெட் உறை பிரிக்காமல் உன் அலமாரியில் இருந்தன. "நாளைக்கு ஆய்வுடா. பன்னெண்டும் பிரிக்காம நிக்கணும். நாளன்னிக்கு வா, மொதல் ஜாக்கெட் உனக்குத்தான்" என்றாய். அவன் சிரித்துக்கொண்டே போனானாம், கூட வண்டியில் போனவன் சொன்னான். பாலத்தருகில் ஒரு குடும்பத்தையே கரையேற்றிவிட்டு இரண்டாம் தடவை இறங்கியவன் ஏறவில்லை. மறுநாள் ஆய்வும் நடக்கவில்லை, அதிகாரி வருவதற்குச் சாலை இல்லை. உன் அலமாரியில் பன்னிரண்டும் பிரிக்காமலே நின்றன.

அதனால் என் பெட்டிக்குப் பூட்டு இல்லை, யார் வந்து கேட்டாலும் இல்லை என்ற பேச்சும் இல்லை என்று வைத்துக்கொண்டேன். உன்னை மாதிரி இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த ஸ்டோர் வேலை. முதலில் எதிர்வீட்டுக்காரி வந்து, "ரெண்டே ரெண்டு முழம் கயிறு பாட்டி, துணி காயப்போட" என்றாள். அவளுக்குக் கொடுத்தது அடுத்த வீட்டுக்குத் தெரிந்து, அவர்களுக்கும் கொடுத்து, கயிறு ஐந்து துண்டாகி ஐந்து மாடியில் ஏறியது. டார்ச்சுகள் வீட்டுக்கொன்றாகப் போயின, அவற்றின் பேட்டரியெல்லாம் டிவி ரிமோட்டுக்குள் போயின. ஸ்ட்ரெச்சரில் மூன்றாம் வீட்டு பீரோவை ஏற்றினார்கள், பீரோ மாடிக்குப் போனது, ஸ்ட்ரெச்சர் காயலான் கடைக்குப் போனது. போர்வைகள் விருந்தாளிகளோடு ஊருக்குப் போயின. ஜாக்கெட் எட்டும் மெத்தென்று இருக்கிறதென்று தையல்காரர் தன் கடை பெஞ்சில் பரப்பிக்கொண்டார். மருந்துப் பையும் காலியானது, அதிலிருந்த கத்திரிக்கோலை நானே எடுத்துப் பால் பாக்கெட் வெட்டினேன். எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது ஒரே ஒரு ஆள். பின்தெருவில் தனியாக இருந்த கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். ஒரு டார்ச் வாங்கிப் போனார், மூன்றாம் நாள் புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்து, "பாத்து வெச்சுக்கங்கம்மா, நம்ம தெரு பள்ளம்" என்றார்.

போன மாதம் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் பின்தெருவில் தண்ணீர் புகுந்து, கடிகாரக்காரர் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். டிரைவரும் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனும் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்து பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கடப்பாரை இருந்தது. கடிகாரக்காரர் திருப்பிக் கொடுத்த டார்ச் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. "பாட்டி, கயிறு எங்க?" என்று டிரைவர் கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். வீடு வீடாக மாடி ஏறித் துணியோடு சேர்த்து அவிழ்த்தார்கள். தையல்கடை பெஞ்சே தண்ணீருக்குள் இருந்ததால் ஜாக்கெட் கிடைக்கவில்லை. ஐந்து துண்டையும் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு டிரைவர் இறங்கினார், பாதி வழியில் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி முடிந்து, மறுபடி இறங்கினார். நாற்பது நிமிடம், தம்பி. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரக்காரர் மேசைமேல் ஏறி நின்றிருக்கிறார். டிரைவர் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் மேசையைத் தாண்டியிருந்தது, உடலைத்தான் கொண்டுவந்தார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நகராட்சி திரும்பவும் எல்லாம் கொடுத்தது, இந்தத் தடவை ரப்பர் கையுறைகூட; ஜாக்கெட் மட்டும் பாக்கி. நான் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய பூட்டாக வாங்கிப் போட்டேன். போன வாரம் கீழ்வீட்டு மெயின் சுவிட்சில் புகை. எலெக்ட்ரீஷியன் ஓடிவந்து ரப்பர் கையுறை கேட்டார். "புதுசுப்பா. அவசரத்துக்குன்னு வெச்சிருக்கேன்" என்றேன். "இது அவசரம் இல்லாம என்ன பாட்டி, கல்யாணமா?" என்று கத்திவிட்டு, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போனார். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. உயிர் இருக்கிறது, கைதான் கட்டுப் போட்டுத் தொங்குகிறது. அன்று என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை, உன் குரல். எனக்கு அது அடையாளம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள். "பாட்டிக்கு வயசாயிடுச்சு, பாவம், எவ்ளோதான் பாப்பாங்க" என்றார் டிரைவர். "வயசாயிடுச்சுன்னு சொல்லாத. தப்பாயிடுச்சுன்னு சொல்லு" என்றேன். தையல்காரர்கூட என்னைத் திட்டவில்லை, அந்த இரண்டு கழுத்துச் சட்டைப் பேச்சையாவது எடுத்திருக்கலாம். திட்டாமல் விட்டால் அது உள்ளேயே கிடக்கிறது, தம்பி. உனக்கு அந்தக் குறை இல்லை. பிள்ளையின் சாவுக்கு வந்த உன்னை நான் வாசலில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "போ, போய் உன் பன்னெண்டையும் எண்ணிக்கிட்டு உக்காரு" என்று சொன்னேன். நீ குடையை விரிக்காமல் மழையில் நடந்து போனாய். அதையும் மறக்கவில்லை.

ஆகவே நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு என் பிள்ளை ஞாபகம் வரும், பெட்டியைப் பார்த்தால் கடிகாரக்காரர் ஞாபகம் வரும், இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவள் ஸ்டோரில் வேலை பார்க்கவில்லை. பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்கட்டும். நீயும் இரு. பெரியவளாகப் பிறந்துவிட்டதால் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன்னைவிட எட்டு வயது மூத்தவள்

பி.கு.: நீ ஒப்புக்கொண்டுவிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமையே கூட்டத்தில் சொல்லிவிட்டேன். மேலே உள்ளதெல்லாம் அதற்குப் பிறகு எழுதியது. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும். ஜாக்கெட்டுகள் நேற்றுதான் வந்தன. ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மொட்டைமாடித் தொட்டி நிறையத்தான் இருக்கிறது, என்னால் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லை. புதன்கிழமை காலை பஸ்ஸில் வா. டிரைவர் நிறுத்தத்தில் நிற்பார். அவருக்கு உன்னைத் தெரியாது. யார் நீங்கள் என்று கேட்டால் ஸ்டோர் கீப்பர் என்று சொல்லாதே. அக்கா வீட்டுக்கு வந்திருக்கேன் என்று சொல்.