கப்பு மாமாவும் கடைசி நாற்காலியும்

தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரியாமலே பிறந்தவர் கப்பு மாமா. நந்தனத்தில் நாங்கள் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் ஆபீசில் வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் 'ஃபன் ஹவர்'. ஹெச்.ஆர். பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிரிங்க" என்று மிரட்டுவாள். தலையெழுத்தே என்று பலூன் ஊதுவோம். மாமா மட்டும் அன்றைக்கென்று தனி ஷூ போட்டுக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து வருவார்.

ஓய்வு பெறப்போகிற வயதில் லெமன் ஸ்பூன் ஓட்டத்துக்கு மொட்டைமாடியில் பயிற்சி எடுத்த மனிதர். அந்தாக்ஷரியில் அவுட் கொடுத்த மேனேஜரிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஜெயித்த பிளாஸ்டிக் கப்புகளைப் பற்றி, "ஆத்துல ஷோகேஸ் ரொம்பிடுத்து, ஃப்ரிட்ஜ் மேல வெச்சிண்டிருக்கேன்" என்று லிஃப்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

பிறகு ஆள் குறைப்பு என்று பேச்சு கிளம்பியது. அந்த வாரம் பார்த்து மியூசிக்கல் சேர் வைத்தார்கள். முதலில் அவுட்டானவனுக்குத் திங்கட்கிழமை வேலை போனது. அவ்வளவுதான். உட்கார்ந்தவனுக்கு வேலை, நின்றவனுக்கு வீடு என்று ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. நானும் நம்பினேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் படிப்பெல்லாம் எங்கே உதவுகிறது? சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் நாற்காலிகளைச் சுற்றி ஓடிப் பழகினோம். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கடைசிச் சுற்று. மிச்சம் ஒரே நாற்காலி. மாமாவும் டேட்டா என்ட்ரி செல்வியும் சுற்றினார்கள். சைதாப்பேட்டை ஆற்றோரக் குடிசைகளை இடித்து, அவள் குடும்பத்தை அரசாங்கம் ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தது. அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பாட்டு நின்றபோது நாற்காலி மாமாவுக்கு நேர் பின்னால் இருந்தது. அவர் உட்காராமல் குனிந்தார்.

"இன்னா சார் பண்றீங்க? பாட்டு நின்னுபோச்சு," என்றாள் செல்வி.

"லேஸ் அவுந்துடுத்தும்மா. நீ உக்காரு."

அந்த ஷூவுக்கு லேஸே கிடையாது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் கடிதம் வந்தது. செல்விக்கும்தான். எங்கள் ஆபீசையே மூடுவதென்று எப்போதோ முடிவாகியிருக்கிறது. விளையாட்டெல்லாம் நாங்கள் சோர்ந்துபோகாமல் இருக்கவாம். மாமா நேராக ஹெச்.ஆர். பெண்ணிடம் போனார்.

"அப்போ நான் எதுக்கும்மா தோத்தேன்?"

அவள் கையிலும் அதே கடிதம்தான் இருந்தது.

இப்போது எனக்கு வேறு ஆபீஸ். அங்கேயும் வெள்ளிக்கிழமை, அங்கேயும் பலூன். பாட்டு நிற்கும்போதெல்லாம், மாமாவுக்கு எங்காவது ஒரு நாற்காலி கிடைத்திருக்குமா என்று மனசு அடித்துக்கொள்கிறது.