லாரி போட்டில் ஏறிய ஒரே வண்டி

786

ரங்கத், மத்திய அந்தமான்
சனிக்கிழமை, 1973

கண்ணியம் நிறைந்த மச்சான் காதர் அவர்களுக்கு, ரங்கத் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் உங்கள் தங்கை மாப்பிள்ளை மீரா லெப்பை ஸலாம் கூறி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ரஷீதாவும் மகள் மஸூதாவும், என் வலது முழங்கால் நீங்கலாக, சுகம். கீழக்கரையில் உங்கள் சுகத்தையும், மாமியின் சுகத்தையும், மாமியின் இருமல் ஒழிந்ததா என்பதையும் அறிய ஆவல்.

இந்தக் கடிதம் கிடைத்த கையோடு மஸூதாவுக்கு உங்கள் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கவும். லாங் ஐலண்ட் சம்பந்தம் கடலில் விழுந்துவிட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை மச்சான், உள்ளபடியே விழுந்தது, நானும் கூடவே விழுந்தேன்.

விவரம் என்னவென்றால், லாங் ஐலண்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் சேக் தாவூத் பாயின் மகன் நூருல்லா, அங்கே மர மில்லில் ஃபிட்டர், நல்ல பிள்ளை, போன மாசம் நம் கடைக்குச் சர்க்கரை வாங்க வந்தான், மஸூதா நிறுத்துக் கொடுத்தாள், ஒரு கிலோ கேட்டவனுக்குத் தராசுத் தட்டு தரையைத் தொடுகிற மாதிரி அள்ளிப் போட்டாள். உங்கள் தங்கைக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை குறைந்தது மட்டும் புரிந்தது. பிறகு அவர்களும் ஆள் விட்டுக் கேட்டார்கள். "வெள்ளிக்கிழமை நேரில் வந்து வாக்குக் கொடுங்க, ஞாயித்துக்கிழமை கப்பல்ல நான் மெயின்லேண்டு போறேன், அங்க என் தங்கச்சி ஒரு பொண்ணோட காத்துக்கிட்டு இருக்கா" என்று சேக் தாவூத் பாய் சொல்லி அனுப்பினார். ஆக, வெள்ளிக்கிழமை நான் போய்ச் சேராவிட்டால் மஸூதாவுக்கு நூருல்லா இல்லை. அவள் என் சட்டைக்கு காலர் நிற்கிற அளவுக்குக் கஞ்சி போட்டு வைத்தாள்.

படகு ஜெட்டிவரை நான் நடந்து போவதாகத்தான் இருந்தேன். உங்கள் தங்கை விடவில்லை. "பொண்ணைக் கொடுக்கப் போறவுக கையை வீசிக்கிட்டா போவாக? சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போங்க. ஓட்டாட்டிப் பரவாயில்ல, பக்கத்துல தள்ளிக்கிட்டாவது போங்க, பாக்குறவுக வண்டியுள்ள மனுசன்னு நெனைக்கட்டும்" என்றாள். நம் சைக்கிள் உங்களுக்குத் தெரியாது. அரிசி மூட்டை சுமந்து சுமந்து நடு ஒடிந்த கழுதை மாதிரி நிற்கும். அதற்குப் பிரேக் என்று பிடி மட்டும்தான் உண்டு, கம்பி அறுந்து காலமாயிற்று, பிரேக் வேலையை என் செருப்பு பார்த்துக்கொள்கிறது. கேரியரில், போன கப்பலில் நீங்கள் அனுப்பிய தொதல் கட்டியை ஓலைப் பெட்டியோடு கட்டிவிட்டாள், சம்பந்தி வீட்டுக்கு ஊர்ப் பலகாரம் என்று. மச்சான், குறையாகச் சொல்லவில்லை, அந்தத் தொதல் கீழக்கரையில் எப்படி இருந்ததோ, கடல் தாண்டி வந்ததில் மேலே கருங்கல்லாகவும் உள்ளே பசையாகவும் ஆகியிருந்தது.

ஜெட்டிக்குப் போனால், ஆட்களை ஏற்றும் லாஞ்சு பழுதாகிக் கரையில் கிடக்கிறது. லாரியும் டிராக்டரும் ஏற்றிப் போகிற தட்டையான போட் மட்டும் நிற்கிறது. இங்கே அதை லாரி போட் என்போம். முன்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பலகை, அதை இறக்கினால் வண்டி ஏறும், தூக்கினால் வாயை மூடிக்கொள்ளும். காலையிலிருந்து ஜனங்கள் கோழியும் பூசணிக்காயுமாகக் காத்துக் கிடக்கிறார்கள், சாரங் வேதநாயகம், போட்டை ஓட்டுகிற தூத்துக்குடிக்காரர், அந்தப் பலகையிலேயே தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருக்கிறார்.

"சாரங் அய்யா, போட் எப்பக் கெளம்பும்?"

"காடி வந்தாக் கெளம்பும் பாய்."

"காடி வரலைன்னா?"

"நீரும் போகல, நானும் போகல. காடி நஹி தோ போட் நஹி. மேலிடத்து ஆர்டர். வர வேண்டிய டிராக்டர் வழியில சேத்துல பொதைஞ்சு கெடக்கு."

காடி என்றால் இங்கே வண்டி; வண்டி ஏறாமல் போட் நகராதாம். எனக்குக் கஞ்சிச் சட்டைக்குள் வேர்த்துவிட்டது. இன்றைக்குப் போகாவிட்டால் என் மகள் கதி என்ன என்று நான் அவரிடம் கெஞ்ச, மீன் விற்கிற கிளாரா அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "எண்ணே, ஒமக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பாய் கையில பிடிச்சிருக்கது என்ன, ஆட்டுக்குட்டியா? சக்கரம் இருக்கு, சீட்டு இருக்கு, மணி இருக்கு. அது காடி இல்லாம என்னவாம்?"

சாரங் எழுந்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். லாரி டயரை உதைத்துப் பார்க்கிற மாதிரியே இதன் டயரையும் உதைத்துப் பார்த்தார். "சரி, காடிதான். ஆனா காடின்னா காடி ரூலு. நட்டநடுவுல நிக்கணும், செயின் போடணும், சக்கரத்துக்கு அடை கொடுக்கணும், டிரைவர் சீட்ட விட்டு எறங்கப்படாது, கரை சேர்ற வரைக்கும் பிரேக்குல கை இருக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!" என்றேன் என்று எழுத ஆசைதான். நான் வாயைத் திறக்குமுன் காத்திருந்த ஜனம் மொத்தமும் சொல்லிவிட்டது. நிக்காஹ்வில் மாப்பிள்ளைகூட இவ்வளவு உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

அடைக்கட்டையை எந்த லாரிக்காரனோ கொண்டுபோய்விட்டானாம். போட்டில் சங்கிலி கட்டுகிற கலாசி ஹால்தார் அங்குமிங்கும் தேடிவிட்டு என் கேரியரைப் பார்த்தான், பெட்டியைத் திறந்து தட்டினான், டொக் என்றது. "கோன்சா லக்டி ஹை?" என்றான், இது என்ன மரம் என்று. "மிட்டாய்" என்றேன். மறுபடி தட்டிப் பார்த்து என்னை ஒரு பார்வை பார்த்து, ஓலையோடு சேர்த்து முன் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டான். அசையவில்லை மச்சான். உங்கள் தொதலுக்கு நான் சாட்சி.

அப்புறம் நான் போன போக்கைக் கேளுங்கள். நடந்து வந்தவர்கள் எல்லாரும் ஓரத்தில்தான் நிற்க வேண்டும், நடுவிடம் வண்டிக்கு என்பதும் ரூல், ஆகவே லாரி நிற்கிற அத்தனை பெரிய இடத்தில் நான் ஒருத்தன், நாலு பக்கமும் யானைச் சங்கிலி, தலையில் புதுத் தொப்பி, எதற்கும் இணைக்கப்படாத பிரேக்கை உயிரே அதில்தான் என்பதுபோல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை கேட்கப் போகிறவனுக்கே மாப்பிள்ளை ஊர்வலம்! அலை தூக்கினால் சுற்றி நிற்கிற ஜனம் "ஓஹோய்" என்கிறது. கிளாரா அக்கா, "பாய், எதிர்ல டால்பின் வருது, ஹாரன் அடிங்க!" என்கிறாள். நான் மணி அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை, அடித்ததும் சந்தோஷமாக இருந்தது, மறுபடியும் அடித்தேன். மேலேயிருந்து சாரங், "டிரைவர்! கை பிரேக்குல!" என்று விசில் ஊதினார்.

லாங் ஐலண்டு வந்தது. கரையில் சேக் தாவூத் பாய் சலவைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக நிற்கிறார், பக்கத்தில் நூருல்லா. இரும்புப் பலகையை இறக்கினார்கள், செயினைக் கழற்றினார்கள். ஹால்தார் சைகை காட்டும்வரை நான் சும்மா இருந்திருக்கலாம். சம்பந்திக்குக் கொண்டுவந்த பலகாரம் சக்கரத்துக்கு அடியில் கிடப்பதை அவர் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று தோன்றவே, சீட்டிலிருந்தபடியே குனிந்து தொதலை உருவிவிட்டேன். அவ்வளவுதான். பலகை சரிவு, செருப்பு ஈரம், ஒரு கையில் தொதல், மறு கையில் பிரேக். மரியாதை தவறக் கூடாது என்று "அஸ்ஸலாமு" என்று பலகையின் உச்சியில் ஆரம்பித்தேன். "அலைக்கும்" சொல்லும்போது நானும் சேக் தாவூத் பாயும் முழங்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம். அவரும் சேற்றைத் துப்பிவிட்டு, "வஅலைக்கும் ஸலாம்" என்றார். தொப்பி ஹேவ்லாக் தீவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் அவர் மனைவி ரம்ஜான் பீவி மாற்றுக் கைலி கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து, கவனிப்பில் குறை வைக்கவில்லை. தொதலை அரிவாளால் வெட்டிப் பார்த்துத் தோற்று, நூருல்லா மில்லிலிருந்து ரம்பம் கொண்டுவந்து அறுத்தான். சேக் தாவூத் பாய் ஒரு துண்டை வாயில் போட்டார். நான் மனப்பாடம் பண்ணிப் போன பேச்சையெல்லாம் மறந்து, "நம்ம பிள்ளைக விசயம் என்ன சொல்றீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டேன். மனுசர் பேசவில்லை. முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். போ என்கிறார், வேறென்ன. போட் கிளம்பச் சங்கு ஊதியது. ஹேண்டில் கோணிப்போன சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். திரும்பும்போது போட்டில் உண்மையான லாரி இருந்தது, என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அது வேறு கொஞ்சம் வருத்தம்.

மஸூதா வாசலுக்கு வந்தாள். வந்து நின்ற என்னையும் நான் கட்டியிருந்த வேற்றுக் கைலியையும் பார்த்தாள், உள்ளே போனாள். இன்று காலையிலிருந்து எல்லாருக்கும் சர்க்கரையைக் குறைத்தே நிறுக்கிறாள். வாங்க வந்தவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆகவே தயவுசெய்து கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ, கடல் குறுக்கிடாத நல்ல இடமாகப் பார்க்கவும். லாரி போட்டில் இந்த ஜென்மத்தில் நான் கால் வைக்க மாட்டேன் என்பதை இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

மாமிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு என் துஆ. உங்கள் ஹயாத்தும் கடையும் நீளட்டும், இறைவன் எல்லாரையும் பிரேக்கோடு வைத்திருப்பானாக.

இப்படிக்கு,
முழங்கால் வீங்கிய,
மீரா லெப்பை

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி. பார்த்தால் சேக் தாவூத் பாய், நம் சைக்கிளில்! இன்றைக்கும் போட்டுக்கு வண்டி வரவில்லையாம். சங்கிலி கட்டி, அடை கொடுத்து, கரை சேரும் வரை பிரேக்கைப் பிடித்தபடி அவரே உட்கார்ந்து வந்திருக்கிறார். வழி நெடுக மணி அடித்தாராம், சொல்லும்போதே சிரிக்கிறார். ஹேண்டிலை நிமிர்த்தி நிஜப் பிரேக் போட்டுக் கொடுத்தது நூருல்லா. நேற்று அவருக்குக் கோபமே இல்லை மச்சான். உங்கள் தொதல் அவருடைய கட்டுப்பல்லை மேலும் கீழும் சேர்த்து ஒட்டிவிட்டது. கையை ஆட்டியது வெந்நீர் கேட்டு. "பேசற வாயி தொறக்கறதுக்குள்ள ஓடிட்டீங்களே சம்பந்தி!" என்றார். கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எனவே மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். மாப்பிள்ளை பார்க்க வேண்டாம், கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு வரவும், லாரி போட்டில் நானே கூட்டிப் போகிறேன். வரும்போது அதே கடைத் தொதல் இரண்டு கட்டி வாங்கி வரவும், அடைக்கட்டைக்கு சாரங் கேட்கிறார். சீக்கிரம் வாருங்கள் மச்சான். மஸூதா மறுபடி தட்டு தரையைத் தொடத் தொடச் சர்க்கரை நிறுக்கிறாள், கடை தாங்காது.