'உஸ்' சொல்லத் தடை

ஒரு சமையல்காரரின் தலைக்குள், காதுக்குச் சற்று மேலே, ஒரு நாடு இருந்தது கண்ணுகளா. ஐந்து விரலுக்கு ஐந்து தெரு. வெளியே ஒரு விரலில் ஏதாவது பட்டால் அதன் தெருவில் மணி அடிக்கும். தெருவார் "சூடு!" என்றோ "ஈரம்!" என்றோ கத்துவார்கள். அதைக் கேட்டுத்தான் கை நகரும். அந்த நேரம் பக்கத்துத் தெரு முனையில் நின்று, "உஸ்" என்று அங்குள்ளவர்களை அடக்குவதற்கென்றே உஸ்காரர்கள் உண்டு. ஆள்காட்டித் தெருவின் உஸ்காரி பொன்னுருவி. கட்டைவிரல் தெருவின் வாயை அடைப்பது அவள் பொறுப்பு.

ஒருநாள் ஆள்காட்டி விரலைக் கத்தி வெட்டிவிட்டது. கட்டுப் போட்டார்கள். மணி ஓய்ந்தது. கட்டைவிரல் தெருக்காரரான அமைச்சர் வாகீசமூர்த்தி மேடையேறினார்.

"பேச்சை அடக்குவது கொடுங்கோன்மை! இன்று முதல் உஸ் சொல்வது குற்றம். மேலும், வாய் திறக்காத ஆள்காட்டித் தெருவுக்கு ஆட்சேபம் ஏதுமில்லை என்று பதிவு செய்து, அதன் வீடுகளை நமக்கே ஒதுக்குகிறேன்."

"மணி அடிக்காம அவங்க எப்படிங்க ஐயா பேசுவாங்க? கட்டுப் பிரிக்கிற வரைக்கும் பொறுங்களேன்" என்றாள் பொன்னுருவி.

"இதை நீங்க சொல்ல முடிஞ்சதே நான் குடுத்த பேச்சுரிமையாலதாம்மா. உக்காருங்க."

கட்டைவிரல்காரர்கள் மூட்டை முடிச்சோடு குடியேறினார்கள். இருப்பதில் பெரிய வீடு அமைச்சருக்கு. பழைய குடிகள் ஒரு கொட்டகையில் ஒடுங்கினார்கள். அந்த விரலுக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல இனி யார் இருப்பார்கள் என்ற கவலையில் பொன்னுருவிக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டுப் பிரிந்தது. ஆள்காட்டி விரல் தோசைக்கல்லைத் தொட்டது. மணி அடித்ததும், உஸ் சொல்ல ஆளில்லாததால், ஐந்து தெருவும் ஒன்றாகக் கத்தின. குடியேறியவர்களோ பழைய பழக்கத்தில் "கட்டைவிரல்! கட்டைவிரல்!" என்றார்கள். கையும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டது. ஆள்காட்டி கல்லிலேயே கிடந்து கொப்புளித்தது.

உடனே இரண்டாம் ஆணை: எல்லாத் தெருவுக்கும் எந்நேரமும் உஸ். அதன்பின் எந்த விரல் வெந்தாலும் சத்தமே இல்லை. சட்டம் ஒழுங்கு சிறப்பாக இருப்பதாக அமைச்சர் அறிவித்தார்.

பொன்னுருவி யாரையும் கேட்கவில்லை. ஆள்காட்டி மணி அடிக்கும்போது மட்டும் அந்தத் தெருவைப் பேசவிட்டாள். அப்போது கட்டைவிரல் முனையில் போய் நின்று உஸ் போட்டாள். தாய்த்தெருவின் சத்தம் எட்டாமல், வாசல் மணியையே கேட்டுக் கேட்டு, குடியேறியவர்கள் மெல்ல அதற்கே பதில் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு காலையில் அமைச்சரே வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"சூடு! நம்ம ஆள்காட்டியில சூடு!"

விரல் வெடுக்கென்று விலகியது. கொட்டகையில் கைதட்டல்.

அப்புறம் தேர்தல். ஆள்காட்டித் தெரு வேட்பாளர் வாகீசமூர்த்தி, பொன்னுருவியிடம் கைகூப்பி வந்தார்.

"மண்ணின் மைந்தனுக்கு ஓட்டுப் போடுங்கம்மா. கட்டைவிரல்ல இருந்து வந்து நம்ம வீட்டைப் பிடுங்கினானுங்களே, அவனுங்களை வெளிய தள்ளணும்!"

"நல்லதுங்க ஐயா. எந்த வீட்டுல ஆரம்பிக்கலாம்?"

"எது பெருசோ அதுல!" என்று முழங்கிவிட்டு, கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். போய்ச் சேர்ந்ததும் கதவை எட்டி உதைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.