லில்லிப்பூவின் ஒன்பதாம் மாதம்

ஒரு கொசுவுக்குப் பெயர் வைத்து, கல்யாணம் பண்ணி, அதன் புருஷனைத் துபாய்க்கு விமானம் ஏற்றிய ஆள் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் சாளையக்கா. கடியப்பட்டணத்திலிருந்து மொபெட்டில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளுக்கு வருவார். அந்தப் பெட்டியில் சாளையைத் தவிர வேறு மீனை நான் பார்த்ததில்லை. நெய்மீன் உண்டா என்று கேட்டால், "அது பெரிய எடத்து மீனு மக்கா, நம்மகிட்ட பேசாது" என்பார்.

நானும் அதே வீடுகளுக்குத்தான் போவேன், டெங்குவைத் தடுக்க. ஒப்பந்த வேலை. ஊரில் எனக்கு 'டெங்கு சார்' என்று பெயர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படம் போட்ட சார்ட், பையில் ஒரு சான்றிதழ். 'கதை சொல்லி நோய் தடுப்பது எப்படி' என்று மூன்று நாள் பயிற்சிக்குப் போய் வாங்கியது. யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் லேமினேட் செய்து வைத்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கொசு குடியிருப்பது ரப்பர் மரத்தில். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுவிடும். பால் பிடிக்கிற கொட்டாங்கச்சிச் சிரட்டை மட்டும் மரத்திலேயே மல்லாந்து கிடக்கும். மழைத்தண்ணீர் தேங்கினால் கொசுவுக்குக் கொண்டாட்டம். சிரட்டையைக் கவிழ்த்து வைக்க ஒரு நொடி போதும். ஜனங்களை அந்த ஒரு நொடி வேலையைச் செய்ய வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்காக 'கொசுராஜனும் சுகாதாரதேவியும்' என்று நானே ஒரு கதை எழுதியிருந்தேன். அதில் ஏழு நீதிகள். மூன்றாவது நீதியில் கூட்டம் நெளியும். ஆறாவதில் நானே கொட்டாவி விடுவேன். ஒருநாள் முடித்துவிட்டு, "இதுலேருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். பால்வெட்டுக்குப் போகும் ராஜம்மா எழுந்து, "இன்னைக்கும் டீ கெடையாதுன்னு தெரிஞ்சுகிட்டோம் சாரே" என்றார்.

அந்த மழையில் ராஜம்மாவின் மகளுக்கே டெங்கு வந்தது. பிழைக்குமா என்ற நிலைக்குப் போய், பாதி உடம்பாக வீடு திரும்பியது பிள்ளை. சாளையக்கா அதைப் பார்த்துவிட்டு, மீன் விற்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் வாயில் லில்லிப்பூ வந்தது மறுநாள்தான்.

"ஏட்டி ராஜம்மா, சங்கதி கேட்டியா? லில்லிப்பூ கொசுவுக்கு ஒம்பதாம் மாசம். மாப்பிள துபாயில. அவன் இங்க கெடந்தாலும் ஒண்ணுக்கும் ஆகாது, ஆம்பிளக் கொசுவுக்குக் கடிக்கக்கூடத் தெரியாது. மாமியாக்காரி வீட்ட விட்டு எறக்கிட்டா. பாவம், வயித்தத் தூக்கிக்கிட்டு எடம் தேடி அலையுதா. நேத்து நம்ம தங்கம் தோட்டத்துல மூணு சிரட்டை மல்லாந்து கெடக்கதப் பாத்து வச்சிருக்கா."

"பெறவு?"

"பெறவு நாளைக்கு. சாளை எவ்வளவு போடட்டும்?"

விஷயம் தோட்டக்காரி தங்கத்தின் காதுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை. தன் தோட்டத்தில் ஊர் பேர் தெரியாத ஒரு கொசு பிள்ளை பெற்றது என்றால் மானம் என்னாவது? மூன்று சிரட்டையும் கவிழ்ந்தன. மறுநாள் லில்லிப்பூ அடுத்த தோட்டத்துக்கு நடையைக் கட்டினாள். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் அவளுக்கு ஒன்பதாம் மாதம் ஓடியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"கொசுவுக்கு ஒன்பது மாசமெல்லாம் கிடையாது அக்கா. அதோட ஆயுசே சில வாரந்தான்."

"அது ஒங்க கொசு சாரே" என்றார்.

அப்போதுதான் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி என் கூட்டத்தைப் பார்க்க வந்தார். என் ஒப்பந்தம் நீளுமா என்பது அவர் கையில் இருந்தது. கொசுராஜனை நம்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தெரிந்து, வெட்கமில்லாமல் லில்லிப்பூவைத் திருடினேன். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக "பெறவு?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரிக்கு முன்னால் உருப்படியான முடிவு ஒன்று வேண்டுமே என்று, முட்டையிட இடம் கிடைக்காமல் லில்லிப்பூவைச் சாகடித்தேன். அதிகாரி கைதட்டினார். ராஜம்மா மூக்கைச் சிந்தினார். எனக்கு ஒப்பந்தம் நீண்டது.

மறுவாரம் நல்ல மழை. தோட்டத்துக்குள் போனால் எல்லாச் சிரட்டையும் மல்லாந்து, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் கவுத்தல?" என்று தங்கத்திடம் கேட்டேன்.

"அவதான் செத்துப் போனாளே சாரே. இனி ஆருக்காகக் கவுக்க?"

இந்த அழகில் எனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குதான். என் வீட்டைச் சோதிக்க வந்த சக ஊழியர்கள் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை இழுத்தார்கள். அதில் கொசுப்புழுக்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தட்டை வாரம் ஒருமுறை கழுவுங்கள் என்பது என் சார்ட்டில் நான்காவது படம்.

சாளையக்கா என்னைக் குறை சொல்லவில்லை. கதையை ஒட்டுப்போட்டார்.

"செத்தது லில்லிப்பூ இல்ல, அவளுக்க நாத்தனாரு. சாருக்கு ஆளு தெரியல்ல. லில்லிப்பூ இப்ப டெங்கு சாருக்க வீட்டுல, பிரிட்ஜுக்குப் பின்னால பெத்துப் பெழச்சு சொகமா கெடக்கா. பிள்ளைய எல்லாம் வளந்து இங்கதான் எடம் பாக்க வருது."

இரண்டே நாளில் சிரட்டைகள் கவிழ்ந்தன. பிரிட்ஜ் தட்டு கழுவாத வீடு இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்கு ஊசி போட வந்த நர்ஸ், "பிரிட்ஜ் சாரு நீங்கதானா?" என்று விசாரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து வாசலில் நின்றார். முகம் சரியில்லை.

"கதை எதுவரைக்கும் போயிருக்கு அக்கா?" என்றேன்.

"கெட்டுப் போச்சு சாரே. நீங்க செத்தாத்தான் அது நல்ல கதை. அந்தப் பயத்துலயே வருசம் முழுக்கக் கவுத்து வைப்பாவ. நேத்து எல்லாரும் சுத்தி நின்னு, சாரு என்னானாருன்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்திச்சு உக்காந்து கஞ்சி குடிக்காருன்னுட்டேன். கதை சப்புன்னு ஆயிப்போச்சு. என்ன செய்ய, மனசு வரல்ல."

கைதட்டலுக்காக ஒரு கொசுவைக் கொன்றவன் நான். கதை கெட்டாலும் பரவாயில்லை என்று என்னை உயிரோடு விட்டுவைத்த அந்த மனுஷியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.